சார் தூங்குகிறார்

பக்கத்து வண்டிக்காரன் மறுபடியும் வருகிறான். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சேற்றை மிதிக்காமல் கல்லுக்குக் கல் தாவி, வாயெல்லாம் பல்லாக வருகிறான். ஜன்னல் திரையைக் கொஞ்சம் முன்னாலேயே இழுத்து விட்டிருக்க வேண்டும். பார்த்துவிட்டான், இனி நானும் தூங்குகிறேன் என்று பாசாங்கு செய்ய முடியாது. "மேடம், சார் எழுந்துட்டாரா?" இல்லை, எழவில்லை, எழவும் மாட்டார், ஏனென்றால் அப்படி ஒரு சார் இந்த வண்டியில் மட்டுமல்ல, இந்த உலகத்திலேயே கிடையாது. இதைச் சொல்ல முடியுமா? "இல்லீங்க, விடியறதுக்கு முந்தி இருந்து வண்டி ஓட்டினது, அசந்து தூங்கறார்" என்கிறேன். ஓட்டினது நான். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கியரை மாற்றி மாற்றி இடது தோள்பட்டை கழன்று போனது எனக்கு. அசந்து தூங்குவது அவர். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் அந்தத் தொந்தரவு இல்லாமல் கரூரில் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்து, போதும் என்று தோன்றியதும் வேலையை விட்டு, எனக்கென்று ஒரு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பி வந்தால், இன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் ஒரு புருஷன் வந்து வாய்த்திருக்கிறான். வந்ததிலிருந்து தூக்கம். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தானா, இந்த அடுத்த வண்டிக்காரனை ரெண்டு வார்த்தை பேசி அனுப்பி வைத்தானா, ஒன்றும் கிடையாது. "சரி மேடம், எழுந்ததும் சொல்லுங்க, சார்கிட்ட வண்டியைப் பத்தி கொஞ்சம் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அவன் கல்லுக்குக் கல் தாவித் திரும்பிப் போகிறான். போகிறபோது ஒருமுறை குனிந்து படிக்குக் கீழே பார்க்கிறான். எதைப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். செருப்பைப் பார்க்கிறான்.

எல்லாம் அந்தச் செருப்பால் வந்த வினை. அது என் தம்பி அன்பரசுவின் செருப்பு. அவனுக்குப் பாதம் சின்ன வயதிலிருந்தே பலகை மாதிரி. எங்கள் அப்பா அவனுக்குச் செருப்பு வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரன் பரணில் ஏறித்தான் எடுப்பான். கிளம்புகிற அன்று காலையில் அந்தச் செருப்பை ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்து நீட்டினான். "சொன்னாக் கேளுங்க்கா. ஆம்பள செருப்பு ஒரு ஜோடி வெளியில கெடந்தா எவனும் கிட்ட வரமாட்டான். என்ற சட்டை ஒண்ணும் வெச்சிருக்கறேன், கொடியில போட்டு உடுங்க." அவன் பின்னாலேயே அவன் மனைவி சுகந்தி, "நாய்த் தட்டு ஒண்ணும் வெச்சா நெம்ப நல்லதுங் அண்ணி" என்றாள். நாய்க்கு எங்கே போவேன் என்று கேட்டால், நாய் வேண்டாம், தட்டு போதும் என்கிறாள். நாய் இல்லாத தட்டு, கால் இல்லாத செருப்பு, உடம்பு இல்லாத சட்டை. விசில் ஒன்று, மிளகாய்த் தூள் டப்பா ஒன்று, நான் எங்கே இருக்கிறேன் என்று போனில் அவன் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு ஏற்பாடு. மலை ஏறியதும் சிக்னல் போய்விட்டது, இப்போது அவன் பார்த்துக்கொண்டிருப்பது மலை அடிவாரத்து டீக்கடையாகத்தான் இருக்கும். கடைசியாக வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ மந்திரம் ஓதுகிற மாதிரி, "எவங்கிட்டயும் தனியா வந்திருக்கறேன்னு மட்டும் சொல்லிப் போடாதீங்க்கா. அதொண்ணு போதும்" என்றான். நான் சரி என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் சரி என்றுதான் சொல்ல வரும். அதனால்தான் மத்தியானம் இந்தத் தினகர் முதல்முறை வந்து, "வணக்கம் மேடம், நாங்க பக்கத்து கேரவன், வாடகைக்கு எடுத்துட்டு வந்தோம், சார் இல்லையா?" என்று கேட்டபோது வாய் தானாகவே, தூங்கறார் என்று சொல்லிவிட்டது. ஒரு பொய்யோடு நின்றால் பரவாயில்லை. "சார் பேரு?" என்றான். புருஷன் பேர் என்னவென்று நான் யோசித்தே வைத்திருக்கவில்லை. வண்டிக் கண்ணாடிக்கு மேல், பட்டறைக்காரர் அவர் இஷ்டத்துக்கு எழுதிவைத்த 'பொன்னுசாமி பாடி ஒர்க்ஸ்' கண்ணில் பட்டது. பொன்னுசாமி என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான், படித்தான், கண் விரிந்தது. "அட, பாடி கட்டினதே சார்தானா!" என்றான். அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு மதிப்பு போய், தூங்குகிறவருக்குக் கூடிவிட்டது.

இந்த வண்டியின் ஒவ்வொரு ஆணியும் நான் யோசித்தது. டெம்போ வேனைப் பழசாக வாங்கி, கரூரில் பஸ் கட்டுகிற பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தி, பள்ளிக்கூடம் விட்டதும் தினம் போய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கட்டில் இந்தப் பக்கம், அடுப்பு அந்தப் பக்கம், காஸ் சிலிண்டருக்குக் காற்றுப் போக அடியில் ஓட்டை என்று சொல்லிச் சொல்லி வாங்கின வேலை. பொன்னுசாமி நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்குப் பஸ்தான் கட்டத் தெரியும். ஜன்னலுக்கு மேலே கைப்பிடிக் கம்பி வேண்டாமா என்று மூன்று முறை கேட்டார். யார் நின்றுகொண்டு வரப் போகிறார்கள்? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தடுப்பு வைக்க வேண்டாம், உள்ளே இருந்தே சீட்டுக்குப் போக வழி விடுங்கள் என்றபோதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ஏனுங் டீச்சர், எறங்கி ஏறுனா ஆகாதுங்ளா?" மழை பெய்தால் நனையாமல் போகலாமே என்றேன். அது காரணமில்லை. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, அன்பரசுவிடமும் சொல்லவில்லை. கதவைத் திறக்காமலே, காலைக் கீழே வைக்காமலே கிளம்பிப் போகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வண்டியை நிறுத்தும்போதும் மூக்கைப் பாதைப் பக்கம் வைத்தே நிறுத்துகிறேன். சாவி இப்போதும் என் இடுப்பில்தான் இருக்கிறது, குத்துகிறது. பயமா என்றால் பயம் இல்லை. பஸ்ஸில் ஏறும் முன்பு ஜாக்கெட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி விரலிடுக்கில் வைத்துக்கொள்ளுகிற பழக்கத்தைப் பயம் என்று சொல்வார்களா? அது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

தினகர் அவன் வண்டியில் பாட்டை மறுபடியும் கூட்டுகிறான். கொஞ்சநேரம் முன்புதான் குறைத்தான் என்று நிம்மதியாக இருந்தேன். இந்த மழையில், இந்த மரங்களுக்கு நடுவில், கீழே அணைத் தண்ணீர் தெரிகிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, கல்யாண மண்டபத்தில் போடுகிற மாதிரி பாட்டுப் போட்டால் எதற்கு வர வேண்டும்? வீட்டிலேயே போட்டுக் கேட்கலாமே. எஸ்டேட்காரர்கள் கேரவன் வண்டிகளுக்கென்று ஒதுக்கின மைதானம் இது, நாலு வண்டி நிற்க இடம், இன்றைக்கு நாங்கள் ரெண்டு வண்டிதான். பார்த்துக்கொள்கிற ஆள் மழை வலுப்பதற்கு முன்பே அரிசி வாங்கப் போகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் இறங்கிப் போனார், காணோம். கரண்டும் போய்விட்டது. அவர் இருந்தால் பாட்டைக் குறைக்கச் சொல்லலாம். இல்லை, சார் எழுந்தால் சொல்லலாம். அடடா, எனக்கே வந்துவிட்டது பார், சார் எழுந்தால் சொல்லலாமாம்! வாயில் ஏறினது மண்டையிலும் ஏறிவிட்டது. அவருக்குக் குணம்கூட வந்துவிட்டது. சோம்பேறி. மழை பெய்தால் போர்த்திக்கொள்வார். கேட்டால், 'நீயே பேசி அனுப்பு' என்பார். இப்படிப்பட்ட ஒரு ஆளைக் கட்டிக்கொள்ளாமல் இத்தனை வருஷம் தப்பித்ததுக்கு நான் யாருக்கு நன்றி சொல்வது?

இதே கூத்து ஒருமுறை முன்பும் நடந்திருக்கிறது. முதல் வேலை, சின்ன ஊர், நானும் ஞானமணி டீச்சரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். ஞானமணிதான் சொன்னாள், கொடியில் ஒரு லுங்கியும் பனியனும் காயப் போடுவோம், ஆம்பளை இருக்கிற வீடு என்று நினைத்துக்கொள்வார்கள் என்று. கடையில் புதிதாக வாங்கினால் புதிது என்று தெரிந்துவிடும் என்று அவளே அதைக் கல்லில் அடித்து அடித்துப் பழசாக்கினாள். தினம் காலையில் நனைத்துப் போடுவோம், சாயங்காலம் எடுத்து மடிப்போம், போட ஆள் இல்லாமலே அந்த லுங்கி சாயம் போனது. ரெண்டாம் மாசம் வீட்டுக்காரம்மா வந்து வாசலில் நின்றுகொண்டு, உங்க வீட்டுக்கு ஆம்பள வந்து போறானாம், தெருவே பேசுது, காலி பண்ணுங்க என்றாள். ஞானமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் இன்னும் கெட்டுப் போயிற்று. ஆம்பளை இல்லையென்றால் எவனாவது வருவான், இருக்கிற மாதிரி காட்டினால் எவன் வருகிறான் என்று கேட்பார்கள். சும்மா ரெண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் யாருக்கும் நினைக்கத் தெரியாது. எனக்கு இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. ஞானமணி நாகர்கோவில் பக்கம் மாற்றலாகிப் போனாள், அவளோடு போயிற்று அந்த லுங்கியும்.

ஆனால் இவன் ஏன் மறுபடி மறுபடி வருகிறான்? அதைத்தான் நான் யோசிக்க வேண்டும், லுங்கியை அல்ல. முதல்முறை வந்தான், அறிமுகம். ரெண்டாவது முறை, ஆக்ஸில் சத்தம் வருகிறது, சார் பார்ப்பாரா என்று. நான் கேட்டேன், என்ன மாதிரி சத்தம், திருப்பும்போதா, பிரேக் போடும்போதா என்று. சிரித்தான். "அதெல்லாம் சார்கிட்ட சொல்லிக்கறேன் மேடம்." திருப்பும்போது என்றால் ஒன்று, பிரேக் போடும்போது என்றால் வேறு ஒன்று, எனக்குத் தெரியும், பொன்னுசாமி பட்டறையில் உட்கார்ந்திருந்து கற்றுக்கொண்டது. தெரிந்து என்ன, இவனுக்குச் சார் வாயால் கேட்டால்தான் காதில் விழும். மழைக்கு நின்றானே என்று டீ குடிக்கிறீர்களா என்றேன், சர்க்கரை டப்பாவை எடுத்தேன். பதறிவிட்டான். "வேணாம் மேடம், நாங்க ரெண்டு பேருமே சர்க்கரையைத் தொட்டு ஒரு வருஷம் ஆச்சு. ஜீவிதாவுக்கு நான் ஸ்ட்ரிக்டா சொல்லிட்டேன், வீட்டுக்குள்ளயே வரக்கூடாதுன்னு." எது வரக்கூடாது, சர்க்கரையா, ஜீவிதாவா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போது வந்தது மூன்றாவது முறை. ஒரு மனுஷன் தூங்குகிறார் என்றால் தூங்குகிறார்தானே, இதில் எழுந்தாரா எழுந்தாரா என்று என்ன கேள்வி? உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறானோ. செருப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கிறானோ. நான் அதை நகர்த்தியே வைக்கவில்லை. ஒருமுறை திருப்பிப் போட்டிருக்கலாம், எழுந்து போய்விட்டு வந்த மாதிரி இருந்திருக்கும். செருப்புக்குத் தூக்கம் கலைக்கிற வேலை வேறு எனக்கு. மிளகாய்த் தூள் டப்பா எங்கே வைத்தேன்? அடுப்புக்குப் பக்கத்தில் ரெண்டு டப்பா இருக்கிறது, ஒன்று சமையலுக்கு, ஒன்று கண்ணுக்கு. எது எது என்று தெரியாமல் மத்தியானம் ரசத்தில் எதைப் போட்டேனோ.

டம் என்று ஒரு சத்தம் அந்த வண்டியிலிருந்து. கதவு. வாடகை வண்டிகளின் கதவே இப்படித்தான், ஓங்கி அடித்தால்தான் சாத்தும். பாட்டு இன்னும் கூடுகிறது. என் சாபம் சும்மா விடாது அந்த ஸ்பீக்கரை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுக்கலாம் என்று பார்த்தால், படிக்குக் கீழே யாரோ நிற்கிறார்கள். ஜீவிதா, அவன் பெண்டாட்டி. அவர்கள் வந்து இறங்கினபோது தூரத்தில் பார்த்தது, கிட்டத்தில் பார்க்கச் சின்னப் பெண்ணாக இருக்கிறாள், என் மாணவிகள் வயதுதான் இருக்கும். குடை இல்லை, தலை முழுக்க நனைந்திருக்கிறது, கையில் ஒரு காலி டம்ளர், தோளில் பை, துப்பட்டாவை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "வாம்மா, நனையறியே, உள்ள வா" என்றேன். ஒரு கால் படியில் வைத்தாள். அப்புறம் கீழே பார்த்தாள். செருப்பை. காலை எடுத்துவிட்டாள். "சார் உள்ள இருக்காங்களாக்கா?" சரிதான், இவளுக்கும் சார் வேண்டுமா! எனக்கு வந்த எரிச்சலில், இருக்கார், தூங்கறார், நீ வா, பரவால்ல என்றேன். "இல்லக்கா, வேணாம்" என்றாள். உதடு நடுங்கியது, குளிர். "கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?" டம்ளரை வாங்கிக்கொண்டு போய் நிறையவே போட்டு எடுத்து வந்தேன். ஆளைக் காணோம். மழையும் பாட்டும்தான் இருக்கின்றன. கேட்டு வந்தவள் ஒரு நிமிஷம் நின்று வாங்கிப் போகக்கூடாதா? என்ன பெண்கள் இவர்கள், என்ன மரியாதை, வகுப்பில் என்றால் திரும்பக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தியிருப்பேன். டம்ளரை மேடையில் வைத்தேன். எறும்பு வரும். மூடி இல்லை. அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தேன்.

டம்ளர் உறுத்துகிறது. எங்கே பார்த்தாலும் கண் அங்கே போகிறது. இந்த டம்ளரை என்ன செய்வது, கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சு வளரும், கொடுக்காவிட்டால் அவன் வந்து கேட்பான், மேடம், டம்ளர், அப்படியே சார். வீட்டில் சர்க்கரை இல்லாமல் சமைத்துக்கொள்கிறவர்கள் எதற்கு டம்ளர் எடுத்துக்கொண்டு வர வேண்டும்? நாங்கள் ரெண்டு பேருமே தொடுவதில்லை என்றானே. ஸ்ட்ரிக்டாகச் சொல்லிவிட்டானே. திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாளோ, பாவம், சாப்பிடட்டும். ஆனால் பக்கத்து வண்டிக்குச் சர்க்கரை வாங்க வருகிறவள் பையை எதற்குத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறாள்? பை பெரிய பை. ஜிப் மூடாமல் ஏதோ துணி நீட்டிக்கொண்டிருந்தது. குடையை விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வருகிறவளை நான் பார்த்ததே இல்லை. மழையில் பை நனையுமே. துப்பட்டாவை ஏன் கையில் சுற்றியிருந்தாள்? குளிருக்கு என்றால் ரெண்டு கையிலும் சுற்றலாம். டம் என்றது கதவு. கதவுச் சத்தத்துக்குப் பின்னால் பாட்டைக் கூட்டினான். மத்தியானமும் டம் என்றது, அப்போதும் கூட்டினான். கதவு சாத்துவதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஐயோ. அவன் வந்து வந்து கேட்டது நான் தனியா என்று பார்க்க அல்ல. கேட்கிற தூரத்தில் ஒரு ஆம்பளை முழித்துக்கொண்டிருக்கிறானா என்று பார்க்க. தூங்குகிறார், தூங்குகிறார், அசந்து தூங்குகிறார் என்று நானே மூன்று முறை சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் ஒரு காலைப் படியில் வைத்தாள். வைத்த காலை எடுத்தாள். ஒரு ஆம்பளையிடமிருந்து தப்பி வந்தவள், இன்னொரு ஆம்பளையின் செருப்பைப் பார்த்துவிட்டு, சர்க்கரை கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் முழுக்க என் பாதுகாப்பை நினைத்து நினைத்துப் பட்டறை மாதிரி மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தேனே, சனியன், அடுத்த வண்டியில் என்ன நடக்கிறது என்று ஒரு ஓரமாகவாவது யோசித்தேனா?

இல்லை, நானாகக் கற்பனை செய்கிறேன். புருஷன் பெண்டாட்டி, ஏதோ சின்னச் சண்டை. நாம் தலையிட்டால் நாளைக்கு அவர்கள் சேர்ந்துகொள்வார்கள், நம்மைக் குறை சொல்வார்கள், அன்பரசு சொல்வான், உங்களுக்கு எதுக்குங்க்கா ஊர் வம்பு. சரி, டம்ளரைக் கொடுத்துவிட்டு வரலாம், டம்ளர் கொடுக்கப் போவது வம்பு ஆகாது. குடை. டம்ளர். தட்டு வேண்டாம், உள்ளங்கையால் மூடிக்கொள்ளலாம். கல்லுக்குக் கல் தாவ எனக்கு வராது, சேற்றிலேயே நடக்கிறேன், கால் புதைகிறது. கதவைத் தட்டுமுன்பே திறந்துவிட்டான், சிரிப்பு தயாராக இருக்கிறது. "என்ன மேடம், சார் எழுந்துட்டாரா?" ஜீவிதா சர்க்கரை கேட்டாள், அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். அவன் கண் டம்ளருக்குப் போயிற்று, பிறகு என் தோளுக்கு மேலாக மைதானம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியது, பிறகு என்னிடம் வந்தது. "ஜீவிதாவா? தூங்கறா மேடம். அசந்து தூங்கறா." அவன் எப்படிச் சொன்னான் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் குரல், சொல்லுமுன் அந்தக் குட்டி நிறுத்தம், வாசலை உடம்பால் கொஞ்சம் அடைத்துக்கொள்வது, எல்லாம் மத்தியானத்திலிருந்து நான் செய்துகொண்டிருப்பதுதான். குனிந்து படிக்குக் கீழே பார்த்தேன். அவனுடைய ஷூ ஒரு ஜோடி இருந்தது. பெண் செருப்பு இல்லை. அவளும் உள்ளே இல்லை. எங்கே என்று அவனுக்கும் தெரியவில்லை. "எழுந்ததும் சொல்லுங்க" என்றேன். சர்க்கரையை நானே திரும்ப எடுத்துக்கொண்டு நடந்தேன், முதுகில் அவன் பார்வை இருந்தது.

என் வண்டிக்குப் பின்னால்தான் இருந்தாள். டயருக்கும் வேலிக்கும் நடுவில், குத்த உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு. இத்தனை நேரமும் என் கட்டிலை ஒட்டி, ஒரே ஒரு தகரத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். துப்பட்டா அவிழ்ந்திருந்தது, மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டதும் அதையேதான். "சார் எழுந்துட்டாங்களாக்கா?" அன்பரசுவின் முகம் கண்முன் வந்தது, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. அதொன்று போதும் என்றானே. சொன்னேன். "சாருன்னு யாரும் இல்லம்மா. நான் ஒருத்திதான் வந்திருக்கறேன். அது என் தம்பி செருப்பு, சும்மா போட்டு வெச்சது. வா." அவள் ஒரு நிமிஷம் நம்பவில்லை, என் முகத்தையே பார்த்தாள், ஏமாற்றுகிறேனா என்று. அப்புறம் எழுந்தாள். குடையால் மறைத்தே கூட்டிக்கொண்டு வந்து, முன்னால் அவளை ஏற்றி, நான் ஏறி, தாழ்ப்பாளைப் போட்டேன். பொன்னுசாமி போட்ட தாழ்ப்பாள், பஸ் கதவுத் தாழ்ப்பாள், அதற்காக அவரை மனதார வாழ்த்தினேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சர்க்கரை டம்ளர் என் கையிலேயே இருந்தது, என்ன செய்வது என்று தெரியாமல் அவளிடம் கொடுத்தேன், அவளும் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டாள்.

பாட்டு நின்றது. அத்தனை நேரமும் நிற்காதா என்று ஏங்கின பாட்டு, நின்றதும் ஏன் நின்றது என்று இருக்கிறது. சேற்றில் காலடிச் சத்தம், இந்தமுறை கல் தேடவில்லை. கதவில் தட்டுகிறான், மெதுவாக, மரியாதையாக. "மேடம், ஜீவிதா அங்க இருக்காளா?" தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். "சார்!" என்கிறான். குரலைக் கேட்டால் யாருக்கும் இரக்கம் வரும். "சார், தூக்கத்தைக் கெடுக்கறேன், மன்னிச்சுக்குங்க. சின்னக் குடும்ப விஷயம் சார். மேடத்துக்குப் புரியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிடுவாங்க. சார்!" கட்டிலைப் பார்த்தேன். போர்வை மடித்து வைத்தபடியே இருக்கிறது. மத்தியானத்திலிருந்து எவ்வளவு திட்டியிருக்கிறேன் அந்த மனுஷனை, இப்போது எழுந்தால் யார் பக்கம் பேசுவாரோ. ஜீவிதா என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். தட்டல் குத்தாக மாறுகிறது, தகரம் அதிர்கிறது, மேடையில் டப்பாக்கள் ஆடுகின்றன. "சார், நீங்களும் ஒரு ஆம்பளதான சார், எந்திரிங்க சார்!" இடுப்பிலிருந்து சாவியை எடுக்கிறேன். தலைப்பை மெல்ல விடுவித்துக்கொண்டு, பொன்னுசாமி கடைசி வரைக்கும் வேண்டாம் என்ற வழியாகக் குனிந்து போய், டிரைவர் சீட்டில் உட்காருகிறேன். மழையில் என்ஜின் முதல் திருப்பில் பிடிக்காது, எனக்குத் தெரியும், ரெண்டாவதில் பிடிக்கும். பிடித்தது. அவன் ஓடி முன்பக்கம் வருகிறான், சிரிப்போடு, வாயைத் திறந்துகொண்டு, எழுந்துவிட்டாரே என்று, கண்ணாடிக்குள் பார்க்கிறான். என்னைப் பார்க்கிறான். எனக்குப் பக்கத்தில் பார்க்கிறான். பின்னால் பார்க்கிறான். ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினேன். "இங்க சார்னு யாரும் கிடையாதுங்க. வண்டி என்னுது. நகருங்க." வகுப்பறைக் குரல்தான் வந்தது, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். நகர்ந்தான். ஏன் நகர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது.

வண்டியோடு கட்டியிருந்த தார்ப்பாய்க் கயிறு பட்டென்று அறுகிறது, போகட்டும். அன்பரசுவின் சட்டை கொடியோடு சேர்ந்து சேற்றில் விழுகிறது, போகட்டும். முதல் வளைவு வரைக்கும் பக்கக் கண்ணாடியில் அவன் தெரிந்தான், தொடர்ந்து ஓடி வரவில்லை, நாங்கள் நின்றிருந்த இடத்திலேயே அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான். கீழே போலீஸ் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது, அங்கே போனால் உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று என்னையும் கேட்பார்களா, கேட்கட்டும், சொல்லிக்கொள்ளலாம். கியர் சரியாக விழ மாட்டேன் என்கிறது. பின்னால் ஜீவிதா அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.